கொடியில் இல்லாத துண்டு

எங்கள் வீட்டில் பத்துப் பேர், குளியலறை ஒன்று. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உச்சுக்கொட்ட ஒன்றுமில்லை. குளியலறைக் கதவை ஒட்டி நடையில் ஒரு நைலான் கொடி கட்டியிருக்கிறது. அதில் ஒன்பது துண்டுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்கும். கதவுப் பக்கத்துத் துண்டுக்காரர் முதலில் குளிப்பார், சுவரோரத் துண்டுக்காரர் கடைசியில் குளிப்பார். ஒருவர் துண்டை இன்னொருவர் நகர்த்தக் கூடாது. இடம் மாற வேண்டுமானால் துண்டுக்காரரே வந்து தன் கையால் மாற்ற வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது என் அண்ணி. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு சட்டத்தை மட்டும் இதுவரை யாரும் மீறியதில்லை.

பத்துப் பேருக்கு ஒன்பது துண்டுதானே வருகிறது என்று நீங்கள் யோசித்திருந்தால், நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். அந்தக் குளியலறையில் ஐந்து வருஷம் குளித்து, துவட்டி, ஆபீஸ் போய் வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அண்ணியின் துண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கிடந்தது. எல்லோரும் கிளம்பிப் போய், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, ஒன்பதரை மணிக்கு மேல் அவள் குளிப்பாள். வரிசையில் அவளுக்கு இடம் வேண்டும் என்று அவளும் கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் அண்ணனின் தங்கை. அண்ணிக்கு நாத்தனார், பிள்ளைகளுக்கு அத்தை. மின்சார ஆபீஸில் புகார் வாங்கும் வேலை. காலை ஒன்பது மணி முதல் ஊரார் என்னிடம் கத்துவார்கள், நான் எழுதிக்கொள்வேன். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நான் வீணாக்கியதில்லை. அண்ணனுக்கு அச்சகத்தில் இரவு வேலை, காலை ஏழு மணிக்குக் கையெல்லாம் மையோடு வருவான். ஆகவே காலை நாலரை முதல் எட்டு வரை இந்த வீட்டை ஓட்டுவது அண்ணி ஒருத்திதான்.

ஓட்டுவது என்று சும்மா சொல்லவில்லை. பிள்ளைகளை எழுப்புவதிலேயே ஆளுக்கொரு வழி வைத்திருந்தாள். பெரியவனுக்குப் பதினேழு வயது, தலைமாட்டில் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அடுத்தவள் எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளிடம் "நீ இன்னிக்கு மெதுவா எழுந்திருடி, ஒண்ணும் அவசரமில்ல" என்பாள் அண்ணி. உடனே "ஏன், எனக்கு மட்டும் அவசரமில்லையா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடும். இரட்டையரில் ஒருவனை எழுப்பினால் போதும், மற்றவன் தூங்குவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு அடுத்தவன் ஒரு தூங்குமூஞ்சி. அவனுக்குப் பக்கத்தில் நின்று, எட்டு வயதுக்காரனான அவன் தம்பியைக் கூப்பிட்டு, "முதல் முட்டை உனக்குத்தான்" என்று உரக்கச் சொல்வாள். தம்பி எழுகிறானோ இல்லையோ, தூங்குமூஞ்சி எழுந்துவிடுவான். தம்பி "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே எழுவான். அவன் எதற்கும் ஏன் என்றுதான் கேட்பான், அதனால் அவன் பெயரே அதுதான்.

கடைசிப் பொடிக்கு ஆறு வயது. அவளை அண்ணி எழுப்பவே மாட்டாள். தூங்குகிறவளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, சமையலறையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய மாவு டின்மேல் உட்கார வைத்து, அவள் தலையைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ரொட்டி சுட்டபடி என்னத்தையாவது பேசிக்கொண்டிருப்பாள். பல்லி எங்கே போயிருக்கும், தண்ணீர்க்குழாய் ஏன் இருமுகிறது, இந்த மாதிரி. பொடி அந்தப் பேச்சின் நடுவில் எங்கேயோ விழித்துக்கொள்ளும், விழித்ததும் பதில் சொல்லும். எப்போது தூக்கம் முடிந்தது, எப்போது பேச்சு தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

அந்த அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. ஒருநாள் என் கிழிந்த பையைத் தைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "உன் ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி இருக்குல்ல? நீ போனா அது உனக்காகக் காலியா இருக்கும்ல? எனக்கும் அப்படி எங்கயாவது ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், அதில் உட்கார்ந்து முதுகு போனதுதான் மிச்சம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் இது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நாற்காலி தானாக வந்தது. பெரியவன் அப்போது காலையில் டியூஷனுக்குப் போய்வந்த தனியார் பஸ் தொடர்ந்து மூன்று நாள் தாமதமாக வந்தது. நாலாவது நாள் அண்ணி கையில் கரண்டியோடு நேரே பஸ் ஷெட்டுக்கே போய்விட்டாள். ஷெட் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. போனால், நேரம் பார்த்து வண்டி அனுப்புகிற ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு மாசமாம். நாலு வண்டி புறப்படாமல் நிற்கிறது. டிரைவர்களும் கண்டக்டர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை அளக்கிறார்கள்.

அண்ணி சண்டை போடவில்லை. பெஞ்சில் இருந்தவர்களிலேயே வயதில் பெரியவரான டிரைவரிடம் போய், "நீங்க நிதானமா குடிங்க அண்ணே. முதல் வண்டிய இந்தத் தம்பியே எடுத்துடுவாராம்" என்று பக்கத்திலிருந்த இளைஞனைக் காட்டினாள். பெரிய டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். ஏழு நிமிஷத்தில் நாலு வண்டியும் கிளம்பிவிட்டன. தூங்குமூஞ்சிக்குச் செய்வதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறாள். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முதலாளி வெளியே ஓடி வந்து, "அம்மா, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாராம்.

வேலை காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை. ஒரு வாரம் பார்ப்பது, சரிப்பட்டால் வைத்துக்கொள்வது. ஷெட்டில் சின்னதாக ஓர் அறை உண்டு, அதில் ஒரு மேஜை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றி அண்ணி இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அண்ணியே எல்லோரையும் உட்கார வைத்து ஒரு நிபந்தனை போட்டாள்: "இந்த வாரம் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ஒருத்தராவது, ஒருநாளாவது, பள்ளிக்கூட மணி அடிச்சப்புறம் உள்ள போனீங்கன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே நான் வேலைய விட்டுருவேன். ஏழு பேரும் மணிக்குள்ள போயிட்டா வேலை எனக்கு. சரியா?"

"சரி" என்று ஆறு பேர் சொன்னார்கள். பொடி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அண்ணியின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

காலைப் பொறுப்பு எனக்கு வந்தது. "இதென்ன பிரமாதம்?" என்று நான் வாய்விட்டேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். ஆளுக்கு எட்டு நிமிஷம் குளியல், நாலு நிமிஷம் சாப்பாடு, மூன்று நிமிஷம் தலைவாரல். அதைப் பச்சை மையில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தே காலுக்கு முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு அண்ணி கிளம்பினாள். குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்குத்தான் வரும். முதல் குளியல் பெரியவனுக்கு. அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அண்ணி தன் துண்டை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆணியிலேயே மாட்டினாள். "வந்து குளிச்சுக்கறேன்" என்றாள். அவள் கேட்டிருந்தால் அவன் உடனே வெளியே வந்திருப்பான். கேட்டிருந்தால்தானே!

அன்றைக்கு நான் தலையால் தண்ணீர் குடித்தேன். வக்கீலிடம் "எழுந்திரு, நேரமாச்சு" என்றேன். எந்தச் சட்டப்படி நேரமாச்சு என்று அவள் கேட்டாள். இரட்டையர் இருவரையும் சேர்த்து எழுப்பினேன், இருவரும் சேர்ந்து சண்டை போட்டார்கள். தூங்குமூஞ்சியைக் குலுக்கினேன், உருட்டினேன், உட்கார வைத்தேன், உட்கார்ந்தே தூங்கினான். 'ஏன்' மட்டும் என் அட்டவணையை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "அத்தை, ஏன் இதுல உன் பேர் இல்ல?" என்று கேட்டான். எனக்கே நான் நேரம் ஒதுக்கிக்கொள்ளவில்லை. அன்று ஆபீசுக்குக் குளிக்காமல்தான் போனேன். மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஏழு பேரும் உள்ளே போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். ரொட்டி கருகியது. ஒருத்தன் டப்பா இன்னொருத்தன் பையில் போனது. அந்த ஆத்திரத்தில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நடு ஹாலில் நின்று கத்தினேன்: "உங்கம்மா திரும்பி வந்தாத்தான் இந்த வீடு உருப்படும்! கடவுளே, அவங்க வந்துட்டா போதும்!"

கோபத்தில் ஆயிரம் சொல்வோம், அதையெல்லாம் பெரியவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பொடி வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. நல்லபிள்ளையாக எழுந்து பள்ளிக்கூடம் போனது.

புதன்கிழமை அட்டவணையைக் கிழித்தேன். முந்தின ராத்திரி அண்ணியிடம் போய் அசடு வழிய, "ஒவ்வொருத்தரையும் எப்படித்தான் எழுப்பறீங்க?" என்று கேட்டு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பொடியைப் பற்றிக் கேட்டபோது, "பச்சப்புள்ள, அதை நான் போறப்ப தொந்தரவு பண்ண வேண்டாம். நல்லா தூங்கட்டும், நீயே ஏழு மணிக்கு எழுப்பு" என்றாள். புதனும் வியாழனும் ஏழேமுக்காலுக்கே எல்லோரும் தயார். வக்கீலிடம் "நீ தூங்கும்மா" என்றேன், எழுந்துவிட்டாள். எனக்கே என்னை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை ஆபீஸில் புகார் கொடுக்க வந்தவரிடம்கூடச் சிரித்தேன். மனிதர் பயந்துபோனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இன்னும் ஒரே காலை.

ஏழரை மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தோம். பெரியவன் மட்டும் விடிகாலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளிவாசலில் உலாத்திப் படித்துக்கொண்டிருந்தான். ஷூ ஸ்டாண்டில் ஏழு ஷூ வரிசையாக இருந்தது. ஏழு ஜோடி இல்லை, ஏழு ஷூ. எல்லாம் வலது கால். இடது கால் ஷூ ஒன்றுகூட இல்லை.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் தேடினார்கள். கட்டிலுக்கடியில், பீரோவுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எங்கேயும் இல்லை. வேலை முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன், மைக்கறை படிந்த கையோடு குப்பைத்தொட்டியையே கவிழ்த்துவிட்டான். இரட்டையரில் ஒருவன் மற்றவனைத் திருடன் என்றான். வக்கீல் எல்லோரையும் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தாள். கடிகாரம் ஏழு ஐம்பதைத் தாண்டியது. பள்ளிக்கூடம் இருபது நிமிஷ நடை, மணி எட்டரைக்கு.

"ஷூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்! கையில கிடைச்சத மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க!" என்று கத்தினேன். பெரியவன் தன் செருப்போடு ஓடினான். வக்கீல் அம்மாவின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். இரட்டையரில் ஒருவன் அப்பாவின் செருப்பு, இன்னொருவன் என்னுடைய ஆபீஸ் செருப்பு, நல்ல புதுச் செருப்பு அது. தூங்குமூஞ்சியும் 'ஏனும்' பழசெல்லாம் கிடக்கும் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டார்கள். ஆறு பேர் தெருவில் ஓடிய அழகை எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்து பார்த்தார்கள்.

ஆறு பேர். திரும்பி எண்ணினேன். பொடியைக் காணோம்.

கட்டிலுக்கடியில் சுவரோரம் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்திருந்தது.

"வாடி வெளிய. நேரமாச்சு."

"நான் வரல."

"ஏன்?"

"நான் லேட்டா போவேன். அப்பத்தான் அம்மா வேலைய விட்டுட்டு வரும்."

"நீதான் ஷூவை ஒளிச்சியா?" என்று கேட்டேன்.

"ஆமா. நீதானே அத்தை சொன்னே, அம்மா வந்தாத்தான் வீடு உருப்படும்னு? அம்மா வந்துட்டா போதும்னு நீதானே கத்தினே?"

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தை எனக்கு உதவி செய்திருக்கிறது. நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறது. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு நொடி எனக்கும் தோன்றியது, பேசாமல் இவளை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று. அண்ணி திரும்பி வந்துவிடுவாள், நான் ஏழு மணிவரை தூங்கலாம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்த நொடியை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"பள்ளிக்கூடம் வேண்டாம். அம்மாகிட்ட போலாமா?" என்றேன்.

கட்டில் காலைப் பிடித்திருந்த கை உடனே விட்டது.

ஷெட், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்த் திசை. புத்தியுள்ளவர்கள் யாரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். நான் திரும்பினேன். என் செருப்புதான் ஓடிவிட்டதே, கால்களில் குளியலறைச் செருப்பு. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. தோளில் இரண்டு பை, இடுப்பில் வெறுங்காலோடு பொடி. பின்னாலிருந்து அண்ணன், "ஏய், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்!" என்று கூவினான்.

ஷெட்டுக்குப் போனபோது எட்டு ஐந்து. கடைசி வண்டி எட்டுப் பத்துக்கு. அது எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிற வண்டிதான். ஏற்கெனவே நிரம்பி நின்றது. டீசல் வாடை, ஈரச் சிமெண்டுத் தரை, பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடி துடைக்கும் ஆள், நடுவில் கழுத்தில் விசிலோடு அண்ணி. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த நாற்காலிமேல் டிரைவர்களின் சாப்பாட்டுப் பைகள் அடுக்கியிருந்தன. ஐந்து நாளில் அவள் அதில் ஒருதரம்கூட உட்காரவில்லையாம், அப்புறம் ஒரு கண்டக்டர் சொன்னார்.

அண்ணி எங்களைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த பொடியைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மத்தவங்க?"

"ஆறு பேரும் போயாச்சு அண்ணி. இவ மட்டும்தான்."

பொடி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி நேரே போய் அம்மாவின் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டது. டின்மேல் உட்கார்ந்திருக்கும்போது சாய்கிற அதே இடம்.

"அம்மா, நீ இங்க என்ன பண்றே?"

"எழுப்பறேன்."

"யாரை?"

"இதோ, இவங்களையெல்லாம்தான்." அண்ணி பெஞ்சைக் காட்டினாள். கையில் டம்ளரோடு இருந்த பெரிய டிரைவர் நெளிந்தார்.

"இவ்ளோ பெரியவங்கள எல்லாம் எழுப்பறே. போறப்ப என்னை மட்டும் எழுப்பல." பொடியின் உதடு துடித்தது. "எல்லாரையும் அத்தைகிட்ட சொல்லிட்டுப் போனே. என்கிட்ட மட்டும் ஒண்ணுமே சொல்லல. நான் முழிச்சா நீ இல்ல. டின்னு சும்மா கிடக்கு."

அண்ணி அந்த எண்ணெய்ப்பிசுக்குத் தரையிலேயே மண்டியிட்டாள். "நீ தூங்கட்டும்னுதான்டா விட்டேன்" என்றாள். "அஞ்சு மணிக்கு உன்னைப் போய் எப்படி எழுப்பறதுன்னு..."

"எழுப்பு."

"இருட்டா இருக்கும்டா."

"இருக்கட்டும். என்னை எல்லாருக்கும் முன்னாடி எழுப்பு. டின்னுமேல உக்கார வை. அப்புறம் நீ போ."

வண்டியிலிருந்து யாரோ "என்னம்மா, நேரமாச்சே!" என்று குரல் கொடுத்தார்கள். பெரிய டிரைவர் டம்ளரை வைத்துவிட்டுத் தானாகவே ஏறி உட்கார்ந்தார். யாரும் எழுப்பாமல் அவர் வண்டியில் ஏறியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவையாம். எட்டு ஒன்பது. முதலாளி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பொடியிடம் நீட்டினாள். "இதை ஊதினா வண்டி கிளம்பிடும். அதுல ஏறினா மணிக்குள்ள பள்ளிக்கூடம் போயிடலாம். உனக்கு அம்மா வீட்டுலயே இருக்கணும்னா ஊதாதே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆறு வயதுக் குழந்தையிடம் இப்படியா கேட்பது! ஆனால் அண்ணி பேருக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன், ஊதாவிட்டால் நிஜமாகவே அன்றே வந்துவிடுவாள்.

பொடி விசிலை வாங்கிப் பார்த்தது. வண்டியைப் பார்த்தது. ஜன்னலோரம் சீருடை போட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு எழுப்புவியா?"

"நாளைக்கு லீவுடா. திங்கக்கிழமை எழுப்பறேன்."

"நிஜமா?"

"நிஜமா."

பொடி கன்னம் உப்ப ஊதியது. ஷெட் அதிர்ந்தது. கண்ணாடி துடைத்தவர் பக்கெட்டைத் தவறவிட்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணி முழங்காலிலிருந்த கறையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். விசில் எங்களோடு வந்துவிட்டது.

எட்டு இருபத்தேழுக்கு வெறுங்காலோடு ஒரு பொடியும் இரு நிறச் செருப்போடு ஓர் அத்தையுமாகப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். வாசலில் நின்ற வாட்ச்மேன் எங்கள் நாலு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏற்கெனவே ஆறு பேர் ஒரு மாதிரி உள்ள போனாங்க. உங்க வீடுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், தலைநிமிர்ந்துதான் சொன்னேன். ஏழாவதும் உள்ளே போன பிறகுதான் மணி அடித்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அண்ணி யாரையும் கேட்காமல் நேரே சமையலறைக்குப் போய் அந்த மாவு டின்னைத் தூக்கினாள். டின்னுக்கடியில் ஏழு இடது கால் ஷூக்கள். அண்ணன் வீட்டையே புரட்டிப் போட்டும், அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்தும், அவன் கண்ணில் அது படவில்லை.

முதலாளி சனிக்கிழமை சொல்லியனுப்பினார், வேலை உறுதி. நாற்காலியின்மேல் யாரும் பை வைக்கக் கூடாது என்றும் ஷெட்டில் சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம், பொடி ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கொடிக்கடியில் போட்டது. கழுத்தில் விசில். அதை ஊதி ஊதி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தானாக ஒருவர் துண்டைக்கூடத் தொடவில்லை, சட்டம் தெரிந்த குழந்தை. ஒவ்வொருவராக வந்து நின்றதும், "நீ தள்ளிப் போ" என்று உத்தரவு போட்டது. முதல் இடத்தைப் பிடிக்கப் பெரியவன் போன வருஷம் ஆறு மாதம் மல்லுக்கட்டியவன், அவன் ஒரு வார்த்தை பேசாமல் தன் துண்டைத் தள்ளிப் போட்டான். வக்கீல் வாயைத் திறந்தாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். 'ஏன்' கூட ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு வந்து தள்ளினான். நானும் தள்ளினேன். கொடி முழுக்க நகர்ந்தது, சுவரோரத்தில் இன்னும் ஓர் ஆணி அடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் குழாய் இருமியது. சமையலறையில் நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். பொடி டின்மேல் உட்கார்ந்திருந்தது, கொடுத்த வாக்குப்படி அண்ணி எழுப்பியிருந்தாள். முகம் கழுவத் துண்டு எடுக்க அண்ணி கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். ஆணி காலியாக இருந்தது.

"என் துண்டை எங்க காணோம்?"

நான் நடைப்பக்கம் கையைக் காட்டினேன்.

அவள் போய்க் கொடிக்கு முன்னால் நின்றாள். கதவுக்குப் பக்கத்தில், முதல் இடத்தில், ஓரம் நைந்த அவளுடைய பழைய மஞ்சள் துண்டு. அடுத்ததாகப் பொடியின் சின்னத் துண்டு. அதற்கப்புறம்தான் பெரியவன், அப்புறம் மற்றவர்கள்.

"யாருடி இதை இங்க போட்டது? பெரியவனுக்கு நேரமாகுமே. எடுத்துடு" என்றாள்.

"ஆணியில கிடந்ததுக்குச் சட்டம் கிடையாது. கொடிக்கு வந்துட்டா ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது அண்ணி. நீங்க போட்ட சட்டம்தான்" என்றேன்.

அவள் மற்ற ஒன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போனாள். புது ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தன் கையால் தள்ளாமல் இப்படி ஆகியிருக்காது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்து, மஞ்சள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தமும் கேட்டது. அண்ணிக்குப் பாட வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஐந்து நிமிஷம் ஆயிற்று, எட்டு நிமிஷம் ஆயிற்று. பெரியவன் எழுந்து வந்து கொடியில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டான். பொடி டின்னிலிருந்து குதித்து ஓடிப்போய், இரண்டு கையாலும் கதவைத் தட்டியது.

"அம்மா! எவ்ளோ நேரம்? நாங்கல்லாம் குளிக்க வேண்டாமா?"

பதினேழு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்று அண்ணி கேட்ட அதே பதில், இப்போது உள்ளேயிருந்து சாவகாசமாக வந்தது.

"இதோ, ரெண்டே நிமிஷம்!"